மூலையில் நின்ற யானை

அத்தியாயம் 4

“துரை ஓடிட்டார் ஜாமாய்பாபு. நாப்பத்தேழுலயே கிளம்பியிருக்கணும். கொஞ்சம் தாமதம்,” என்றான் போம்பல், கண்ணாடி அலமாரிக்குள் எட்டிப் பார்த்தபடி.

ஹிரண் மைத்ரா சிரிக்கவில்லை. அக்காள் புருஷனைச் சீண்டுவது மைத்துனனின் பிறப்புரிமை. மனைவி ரேபா இருந்தவரை அந்தச் சீண்டலுக்கு முதலில் சிரிப்பவள் அவள்தான். அவள் போய் ஐந்து மாதம் ஆகிறது. போம்பல் பேச்சை நிறுத்தவில்லை. ஹிரணுக்குத்தான் எல்லாம் ஒரு கனத்த கம்பளிக்கு அப்பாலிருந்து கேட்டது.

அலமாரிக்குள் ஒரு சதுரங்கப் பலகை இருந்தது. காய்கள் தந்தத்தில் கடைந்தவை. கம்பெனி காலத்தில் இதே காக்ரா பகுதிச் சிற்பி ஒருவர் இந்த நந்தி வீட்டுக்காகச் செதுக்கியது. வெள்ளை அணியினர் நவாபின் ஆட்கள். அரக்குச் சிவப்பு ஏற்றியவர்கள் கம்பெனியின் ஆட்கள். மூலைகளில் அம்பாரி யானைகள் துதிக்கையை மடக்கி நின்றன. அடுத்து குதிரை. அதற்கடுத்து, துடுப்புக்காரர்கள் முதுகு வளைத்துக் குனிந்திருக்கும் படகு. நடுவில் ராஜாவும் மந்திரியும். சிவப்பு ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டம் மட்டும் காலி. அங்கே தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரத் துரை, கட்டைவிரல் உயரத்தில், நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் மந்திரியாக இருந்தார். இன்று காலையிலிருந்து இல்லை.

பலகையில் ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று ஹிரணுக்குப் பிடிபடவில்லை. இப்போதெல்லாம் எதுவுமே சட்டென்று பிடிபடுவதில்லை. அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

“இன்னும் என்ன பாக்கறீங்க மைத்ரா பாபு?” என்றான் தீபேன். வீட்டு உரிமையாளர் அகோர்நாத் நந்தியின் தம்பி மகன். அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம், முகல்சராயில். அவர் காலமான பிறகு போன வருஷம்தான் பெரியப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பெர்ஹாம்பூருக்கு வந்து சேர்ந்தான். “ஆயா பாருல்தான் எடுத்திருக்கா. சாவி கட்டில் பக்கம் ஆணியில தொங்குது. ராத்திரி பகல்னு இந்த ரூம்லயே கிடக்கறவ அவதான்.”

“நீங்க அலமாரியைத் தொட்டீங்களா?”

“நானா? எனக்குச் சதுரங்கமே தெரியாது. அந்தப் பக்கம் போனதுகூட இல்லை.”

“அவ பையைப் பாத்தாச்சா?”

“நான் பாத்தா, நானே வச்சேன்னு சொல்லுவா. நாலு மணிக்கு போலீஸ் தரோகா வரார். அவர் கண் முன்னாடி கொட்டட்டும். ஒண்ணு சொல்றேன். நேத்து அந்த இந்திக்கார வியாபாரி மோதிசந்த் கோலேச்சா வந்து இந்தக் காய்களையே முறைச்சுப் பாத்துட்டுப் போனார். அவருக்காகத்தான் எடுத்திருப்பா. கல்கத்தாவுலேர்ந்து பெரியப்பா பொண்ணு, அக்கா சொன்னான்னுதான் உங்களை உள்ளே விட்டேன்.”

ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் அகோர்நாத் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் அவருடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகிறது. வலது கை மடியில் இறுக மூடிக் கிடந்தது. இடது கை மட்டும் ஓயாமல் அசைந்தது. முன்னால் நீளும், பின்னால் இழுக்கும். மறுபடி நீளும், இழுக்கும். கண்கள் பலகையை விட்டு நகரவில்லை.

“அது காலையிலேர்ந்து அப்படித்தான். இழுப்பு,” என்றான் தீபேன். “ஜேட்டுவுக்கு மூளை போயாச்சு. மேஜை நாற்காலி மாதிரிதான்.”

பெரியப்பாவின் முன்னால் நின்றுகொண்டே அதைச் சொன்னான்.

ஜன்னல் விளிம்பில் சுருட்டிய பழைய புடவைத் துணி ஒன்று கிடந்தது. ஹிரணுக்கு அந்தச் சுருளைத் தெரியும். மூடிப்போன கையின் நகங்கள் உள்ளங்கையைக் குத்தாமல் இருக்க, விரல்களுக்குள் செருகி வைப்பது. ரேபாவின் கையிலும் இதே மாதிரி ஒன்று இருந்தது. அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

பாருல் பின்கட்டில் கிணற்றடியில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தாள். ரேபாவின் கடைசி மூன்று மாதங்களும் அவள் படுக்கையோரம் இருந்தவள் இவள்தான். அதன் பிறகு ஹிரண் இவளைப் பார்க்கவில்லை. தெருவில் எதிரே வந்தாலும் மறுபக்கம் போய்விடுவான்.

“தாதாபாபு, கர்த்தாபாபு மருந்து சாப்பிட்டாரா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

“தெரியலை. காலையில என்ன நடந்தது?”

“விடியறப்போ படித்துறைக்குக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தா தீபேன் பாபு கத்திட்டு நிக்கறார். அப்போலேர்ந்து உள்ளே விடலை. தோட்டக்காரனைக் கூப்பிட்டு கர்த்தாபாபுவைக் கட்டில்லேர்ந்து நாற்காலிக்குத் தூக்கிப் போட்டாங்க. எப்படித் தூக்கினாங்களோ.”

“தீபேனுக்கு உன் மேல என்ன கோபம்?”

பாருல் தயங்கினாள். “போன வாரம் மை டப்பாவோட வந்தார். கர்த்தாபாபு தூங்கறப்போ கட்டைவிரலைப் பிடிச்சு மையில வைக்கப் பாத்தார். நான் விடலை. கையைத் தட்டிவிட்டேன். இந்த வீட்டை யாருக்கோ பேசி வச்சிருக்காராம்.” ஈரம் காயாத தலைமுடியை அள்ளி முடிந்தாள். “என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனா, அதுக்கப்புறம் எந்த வீட்டுலயும் நோயாளி பக்கத்துல விடமாட்டாங்க தாதாபாபு. அதை விடுங்க. ராத்திரி இவர்கூடத் தனியா இருக்கப்போறது கர்த்தாபாபு.”

ஹிரண் தலையாட்டினான். போகத் திரும்பினான்.

“துணி வச்சுட்டுத்தான் போனேன்,” என்றாள் பாருல் பின்னாலிருந்து. “அவர் கையில. அது விழுந்திருந்தா நகம் குத்தும். யாரையாவது பாக்கச் சொல்லுங்க.”

ரிக்‌ஷா கோலேச்சாவின் கடையை நோக்கிப் பாகீரதிக் கரையோரமாகப் போனது. போம்பல் வழியில் வாங்கிய ஷானாபோடா இனிப்பைப் பொட்டலத்தோடு நீட்டினான். ஹிரண் ஒரு வாய் கடித்தான். ஈரமாக இருந்தது. அவ்வளவுதான்.

“இது சக்கரைப் பாகுல ஊறினது ஜாமாய்பாபு. நீங்க மாத்திரையை முழுங்கற மாதிரி முழுங்கறீங்க.” தானே தொடர்ந்தான். “அந்தக் கிழவர் கையைப் பாத்தீங்களா? இப்படி, இப்படி. வெத்தலைக்குச் சுண்ணாம்பு கேக்கறாரோ என்னவோ.”

போம்பல் கையை நீட்டி இழுத்துக் காட்டினான். அவனுக்குப் பின்னால், குளிர்காலத்து வற்றிய ஆற்றில், ஒரு படகுக்காரர் அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய கை நீண்டது, இழுத்தது. நீண்டது, இழுத்தது.

ஹிரண் வெகுநேரம் அதைப் பார்த்தான். ரிக்‌ஷா இரண்டு தெருமுனைகளைக் கடந்துவிட்டது.

“போம்பல், சதுரங்கத்துல மூலைக் கட்டத்துல என்ன வைப்பே?”

“இது என்ன கேள்வி? படகுதான். படகு, குதிரை, யானை, அப்புறம் ராஜா மந்திரி. நம்ம பெங்கால்ல குழந்தைக்குக்கூடத் தெரியும்.”

“அந்த அலமாரியில என்ன இருந்தது?”

போம்பலின் வாய் இனிப்போடு அப்படியே நின்றது. “யானை! யானை மூலையில இருந்தது. படகைக் கொண்டுபோய் ராஜா பக்கத்துல சொருகியிருக்கான். ஆத்துல விட வேண்டியதை அரண்மனையில விட்டுருக்கான்!”

“கிழவருக்கு இழுப்பு இல்லை. துடுப்பு போடறார். எல்லாரும் காலிக் கட்டத்தைப் பாக்கறோம். அவர் மட்டும் மூலையைப் பாக்கறார்.” ஹிரணின் குரலில் உற்சாகம் ஏதும் இல்லை. “அலமாரிக் கதவு சின்னது. பலகையை வெளியே இழுக்காம மந்திரியை எடுக்க முடியாது. இழுத்தப்போ காய்கள் சாஞ்சிருக்கு. அவசரத்துல திரும்ப அடுக்கியிருக்கான். அவசரத்துல கை பழகினதைத்தான் செய்யும்.”

“யானையை மூலையில வைக்கறவங்க பெங்காலுக்கு மேற்கே இருக்கறவங்க. இந்தி பேசறவங்க.” போம்பல் கையைத் தொடையில் துடைத்தான். “அப்போ கோலேச்சாதான். தீபேன் வாயில சக்கரையைப் போடணும்.”

மோதிசந்த் கோலேச்சாவின் கடை பழைய சரவிளக்குகளும் கடிகாரங்களுமாக நிரம்பியிருந்தது. ஒரு கடிகாரம்கூடச் சரியான நேரம் காட்டவில்லை. அறுபதைத் தாண்டிய மனிதர், கழுத்தில் கம்பளிச் சுற்று. எதற்கு வந்திருக்கிறார்கள் என்று கேட்டவுடன் தேநீருக்குச் சொல்லிவிட்டார்.

“பாக்கப் போனேன், நிஜம்தான். தந்தத்தை வாங்கவும் முடியாது, விக்கவும் முடியாது. சட்டம் வந்தாச்சு. பாக்கறதுக்கு இன்னும் சட்டம் வரலையே?”

மேஜையில் ஒரு மரச் சதுரங்கம் இருந்தது. அதே காக்ரா வேலைதான், யானையும் படகுமாக. ஹிரண் அதைக் காட்டி, “ஒரு ஆட்டம் போடலாமா?” என்றான். ஐந்து மாதமாக அவன் காயைத் தொட்டதில்லை.

கோலேச்சா பேசிக்கொண்டே அடுக்கினார். கண் காய்கள் மேல் இல்லை. மூலையில் படகு. அடுத்து குதிரை. அடுத்து யானை. எல்லாம் முடிந்ததும் நிமிர்ந்து ஹிரணைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

“யானையை மூலையில வைப்பேன்னு பாத்தீங்களா?”

ஹிரண் மூலைப் படகைப் பார்த்தபடி தலையாட்டினான்.

“எங்க ஆளுங்க நவாபு காலத்துல இங்க வந்தவங்க, மைத்ரா பாபு. வீட்டுல இந்தி மாதிரி ஏதோ பேசுவோம். ஆனா என் சம்சாரம் என்னைத் திட்டறது சுத்தமான பெங்காலிலதான். சதுரங்கம் நான் கத்துக்கிட்டது அகோர்பாபுகிட்ட. அதே பலகையில.” தேநீரை ஊதினார். “துரைமாருக்குச் செஞ்சப்போ நம்ம சிற்பிங்க மூலைக்குக் கோட்டை செதுக்கினாங்க. நம்ம வீட்டுக்குச் செஞ்சப்போ படகு. அதை மாத்தி வச்சா அகோர்பாபு பலகையையே கவுத்துடுவார். அவ்வளவு கோபம் வரும்.”

“இப்போ கவுக்கக் கை இல்லை,” என்றான் போம்பல். முதன்முறையாக அவன் சொன்னதில் கேலி இல்லை.

கோலேச்சா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். “இன்னொண்ணு. ஒத்தைக் காயை எவன் எடுப்பான்? அதையும் விக்க முடியாது, மிச்சம் இருக்கறதும் மூளி. தொழில் தெரிஞ்சவன் எடுத்தா மொத்தமா எடுப்பான். இது விக்கறதுக்கு எடுத்தது இல்லை.”

“பின்னே?”

“யார் பையிலிருந்தாவது கண்டுபிடிக்கறதுக்கு எடுத்தது.”

ரிக்‌ஷாவில் திரும்பும்போது போம்பல் சந்தேகமாகக் கேட்டான். “இந்தி பேசறவர் படகை மூலையில வைக்கறார். அப்போ பெங்காலி பேசிக்கிட்டு யானையை மூலையில வைக்கறவன் யாரு?”

“இந்திக்கார ஊர்ல, முகல்சராய் ரயில்வே காலனியில வளந்தவன்,” என்றான் ஹிரண்.

வீடு வருவதற்குள் போம்பல் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னான்.

கிழவரின் அறையில் தீபேன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தான். “ஒத்துக்கிட்டாரா கோலேச்சா?”

“தேநீர் நல்லா இருந்தது,” என்றான் போம்பல். அலமாரியைத் திறந்து பலகையை வெளியே இழுத்தான். அவனுடைய பருத்த முழங்கை கதவில் இடித்தது. சிவப்பு அணி முழுவதும் சாய்ந்தது. “ஐயோ! கம்பெனியே கவுந்துடுச்சே!”

“அறிவிருக்கா உனக்கு? பழைய தந்தம்!”

“இதோ வச்சுடறேன், வச்சுடறேன்.” போம்பல் ஒரு குதிரையை மூலையில் வைத்தான். ராஜாவை அதற்குப் பக்கத்தில் வைத்தான். தலையைச் சொறிந்தான். வெளியே தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. தரோகா வந்துவிட்டாரோ என்று தீபேன் வாசலைப் பார்த்தான்.

“தள்ளு அந்தப் பக்கம்!”

தீபேன் கடகடவென்று அடுக்கினான். மூலையில் யானை. குதிரை. படகு. ராஜா. கை தடுமாறவே இல்லை. நாற்காலியில் அகோர்நாத்தின் இடது கை மறுபடி துடுப்புப் போட ஆரம்பித்தது.

“சதுரங்கம் தெரியாதுன்னீங்களே,” என்றான் ஹிரண்.

“அடுக்கறதுக்குத் தெரியணுமா? அலமாரியில தினம் பாத்த ஞாபகம்.”

“அலமாரியில இப்படி இருக்கறது இன்னிக்குக் காலையிலேர்ந்துதான்.” ஹிரண் மூலை யானையைத் தூக்கினான். பலகையில் ஒட்டியிருந்த பச்சை மகமல் வெயிலில் வெளுத்திருந்தது. யானையின் அடி வட்டம். ஆனால் மூலைக் கட்டத்தில் வெளுக்காமல் தங்கியிருந்த தடம் நீளமாக, இருபுறமும் கூராக இருந்தது. ஹிரண் படகை எடுத்து அந்தத் தடத்தின் மேல் வைத்தான். அச்சாகப் பொருந்தியது.

தீபேனின் முகம் கறுத்தது. “அப்போ அவதான் மாத்தி வச்சிருப்பா. எனக்கென்ன தெரியும்? பையைப் பாருங்க. அதைப் பாத்தா முடிஞ்சுது!”

“பாக்கலாம். நாங்க ரெண்டு பேர் சாட்சி. நீங்களே பாருங்க.”

பாருலின் துணிப்பை காலியாகக் கிடந்த கட்டிலின் தலைமாட்டில், இடது பக்கமாகத் தொங்கியது. தீபேன் அதைப் பறித்தான். சீப்பை ஒதுக்கினான். மாற்றுப் புடவையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அடியில் கிடந்த வெற்றிலை டப்பாவை நேராக எடுத்து மூடியைத் திறந்தான்.

வெற்றிலை இருந்தது. பாக்கு இருந்தது. சுண்ணாம்பு இருந்தது.

டப்பாவைக் கவிழ்த்தான். தட்டினான். “இதுலதானே...”

நிறுத்திக்கொண்டான்.

“எதுலதானே?” என்றான் போம்பல், மிக மரியாதையாக. “சொல்லுங்க தீபேன் பாபு. பை நிறைய சாமான் இருக்கு. உங்க கை ஏன் வெத்தலைக்கு அலையுது?”

துடுப்புப் போட்ட கிழவரின் கை நின்றிருந்தது.

தீபேனும் பார்க்க, ஹிரண் ஜன்னல் விளிம்புக்குப் போனான். கிழவரைத் தூக்கியபோது யாரோ அங்கே எடுத்துப் போட்ட துணிச் சுருளைக் கையில் எடுத்தான். காலையில் இந்தக் கிழவர் கட்டிலில் படுத்திருந்தார். அலமாரி திறந்ததைப் பார்த்தார். மந்திரி வெற்றிலை டப்பாவுக்குள் போனதையும் பார்த்தார். மேஜை நாற்காலிக்கு முன்னால் திருடுவதற்கு யார் கூச்சப்படுவார்கள்? தீபேன் சத்தம் போட வாசலுக்குப் போன நேரத்தில், கிழவரின் இடது கைக்கெட்டும் தூரத்தில் பை தொங்கியது.

மூடிப்போன கை தானாகத் துணியை விடாது. யாராவது உருவ வேண்டும். துணியை உருவினால் அங்கே இடம் கிடைக்கும்.

அவன் நாற்காலியின் முன்னால் மண்டியிட்டான். அகோர்நாத்தின் வலது கையைத் தன் இரண்டு கைகளிலும் எடுத்தான். மூன்று மாதம் ரேபாவின் கையைப் பாருல் திறந்து துடைப்பதை வாசலில் நின்று பார்த்திருக்கிறான். ஒரு நாளும் உள்ளே போய்த் தொட்டதில்லை. முதலில் சுண்டுவிரல். பிறகு அடுத்தது. இழுக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாக, மெதுவாக, விரல்கள் விட்டுக்கொடுத்தன.

உள்ளே, வியர்வையில் பளபளத்துக்கொண்டு, தொப்பி வைத்த துரை படுத்திருந்தார்.

“நாள் முழுக்க சிறையில இருந்திருக்கார்,” என்றான் போம்பல்.

கிழவரின் கண்கள் ஹிரணை விட்டு தீபேனிடம் போயின. பிறகு மூலைக் கட்டத்துக்குப் போய், படகின் மேல் நின்றன. தீபேன் எதையோ சொல்ல வாயெடுத்தான். வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவனே வரச் சொன்ன ஜீப். அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

தரோகாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் போம்பல் சொன்னான். அவனுக்கு அது பிடித்த வேலை. ஹிரண் பின்கட்டுக்குப் போய்ப் பாருலைக் கூப்பிட்டான். “கிடைச்சுடுச்சு. உன் மேல ஒண்ணும் இல்லை. உள்ளே வா.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் நேராகக் கிழவரிடம் போய், திறந்த உள்ளங்கையைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

“நாலு இடத்துல குத்தியிருக்கு. இந்தக் கையிலேயா ஒளிச்சு வச்சீங்க கர்த்தாபாபு? இடது கை என்ன ஆச்சு?” பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். “கொஞ்சம் வெந்நீர் வேணும்.”

போம்பல் தரோகாவை விட்டுவிட்டு எழுந்தான். ரேபா இருந்தபோது வெந்நீர் கொண்டுவந்ததெல்லாம் அவன்தான்.

“நீ இரு,” என்றான் ஹிரண்.

சமையலறையில் கெண்டியில் நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பாத்திரத்தில் ஊற்றி, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் சேர்த்து எடுத்து வந்தான். பாருல் துணியை நனைக்கப் போகாமல் அவனையே பார்த்தாள்.

“அந்தக் கைக்குச் சூடு தெரியாது தாதாபாபு. வெந்தாலும் தெரியாது. நம்ம கையை விட்டுப் பாத்துட்டுத்தான் தொடணும்.”

ஹிரண் பாத்திரத்தைக் கீழே வைத்தான். சட்டைக் கையை மடித்துவிட்டு விரல்களை நீருக்குள் விட்டான். ஒரு கணம் ஒன்றும் தெரியவில்லை. அப்படியே வைத்திருந்தான்.

“எப்படி இருக்கு?” என்றாள் பாருல்.

வெடுக்கென்று கையை இழுத்தான்.

“சுடுது,” என்றான். போம்பல் தலை நிமிர்ந்து பார்த்தான். “பாருல், ரொம்ப சுடுது.”